மெழுகுவர்த்தியே போதும்!

மேடையேறினால் எடுத்துக்காட்டு வராமல் திணறுபவன் நான். அந்தக் குறையே என்னைச் சார்ல்ஸ் ஸ்பர்ஜனிடம் (1834–1892) அழைத்துச் சென்றது.

இங்கிலாந்தில் பிறந்த இவர் 19 வயதில் இலண்டன் சபையொன்றின் போதகரானார். இவருடைய பிரசங்கத்தைக் கேட்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 1856-இல் போதகர்களுக்கென ஒரு கல்லூரியையும் தொடங்கினார். வேத வசனத்தை விளக்க உவமை கிடைக்கவில்லையென மாணவர் ஒருவர் குறைப்பட்டபோது, ஒரு மெழுகுவர்த்தியே போதுமென்றார் ஸ்பர்ஜன். சொன்னதோடு விடவில்லை, மெழுகுவர்த்திகளை மேடைக்கே கொண்டுவந்து பேசினார். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின் மரக்காலும் விளக்கும் மக்கள் கண்முன் நின்றன. அவ்வுரை 1890-இல் நூலாயிற்று.

கதை, பிரசங்கம் என்னும் வீட்டுக்குச் சன்னல். வீடே சன்னலாகிவிடக் கூடாது என்றும் மாணவர்களை எச்சரித்தார்.

சென்ற பேச்சுப்போட்டியில் பாதியில் இறங்கிய நான், அடுத்த முறை என் விடுதி அறையின் தூசு படிந்த மின்விசிறியிலிருந்து தொடங்கப் போகிறேன்.