அழற்சியை அன்றே கண்டவர்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

செல்லிலிருந்தே செல் தோன்றும் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த நாளில், ருடால்ஃப் விர்ச்சோ எனக்கு இரண்டு மதிப்பெண் பெற்றுத்தரும் ஒரு பெயர் மட்டுமே. சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு மாரடைப்பு வந்தது. கொலஸ்ட்ரால் அளவோடுதான் இருந்தது. பின் ஏன் வந்தது? உடல் தேறிச் சில மாதங்களுக்குப் பின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. மிகுந்திருந்தது. நாளச் சுவரின் அழற்சியும் காரணமாகலாம் என்று மருத்துவர் விளக்கினார். அச்சொல்லைத் தேடி நூலகம் சென்ற நான், அங்கே மீண்டும் விர்ச்சோவைச் சந்தித்தேன்.

1821 அக்டோபர் 13-இல், இன்று போலந்தில் உள்ள ஷிவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். படைத்துறையின் உதவித்தொகையில் பெர்லினில் மருத்துவம் பயின்று 1843-இல் பட்டம் பெற்றார். 1848-இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, ஆராய்ந்துவர அரசு அவரை அனுப்பியது. வறுமையும் கல்லாமையும் ஆட்சியின் அலட்சியமுமே நோயை வளர்த்தன என அஞ்சாது எழுதினார். அவ்வாண்டே புரட்சியிலும் பங்கு கொண்டார். 1849-இல் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் செல்ல நேர்ந்தது. 1856-இல் புகழோடு திரும்பினார். 1858-இல் செல் நோயியல் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

இரத்தத்திலிருந்து படியும் பொருளே நாளத்தைத் தடிக்கச் செய்கிறது என்பது வியன்னாவின் ரோகிடான்ஸ்கியின் கருத்து. விர்ச்சோவோ, சுவரின் உள்ளேயே அழற்சி நிகழ்கிறது என்றார். ஆனால், அதை உயிரோடிருப்பவரிடம் அளந்தறிய அன்று வழியில்லை.

வழி பின்னர் பிறந்தது. 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் டில்லெட்டும் பிரான்சிசும் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டனர். அதுவே சி.ஆர்.பி.; அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதம். நலமாயிருந்த ஆண்களுள் இப்புரதம் மிகுந்தோர்க்குப் பிற்காலத்தில் மாரடைப்பு அதிகம் வந்ததை 1997-இல் ரிட்கர் குழுவினர் காட்டினர். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இடர் குறைவு. 3-க்கு மேல் மிகுதி. எனினும் காய்ச்சல், புண், மூட்டுவாதம் எல்லாம் இதை உயர்த்தும். இது புகையே அன்றி நெருப்பன்று. 2017-இல் பத்தாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தபோதே மாரடைப்புகள் குறைந்தன. விர்ச்சோவின் கருத்துக்கு நூற்றைம்பது ஆண்டு கழித்துக் கிடைத்த வலுவான சான்று அது.

அவரும் தவறியதுண்டு. நியாண்டர்தால் எலும்பை நோயுற்ற மனிதனின் எலும்பென்றே கருதினார். ஆயினும் பெர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமையப் பாடுபட்டார். டிராமிலிருந்து இறங்குகையில் தொடையெலும்பு முறிந்து, 1902 செப்டம்பர் 5-இல் மறைந்தார்.

புகைத்தலும் சி.ஆர்.பி.யை உயர்த்தும் என்றறிந்த என் தந்தையார் பீடியை விட்டுவிட்டார். நோயின் வேர் வாழும் முறையில் உள்ளது என்று விர்ச்சோ கண்ட உண்மை, எங்கள் வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டது. இனி அவர் எனக்கு இரண்டு மதிப்பெண் அல்லர்.