தயக்கத்தை வென்ற தலைவர் இரட்டைமலை சீனிவாசனார்

மனிதனின் முன்னேற்றத்தைத் தடுக்கும் பகை இருவகைப்படும். வெளியே நின்று தடுக்கும் பகை ஒன்று. உள்ளத்தினுள் அமர்ந்து, உன்னால் ஆகாது, உனக்கு எதற்கு இந்த ஆசை என்று ஓயாது இடித்துரைக்கும் பகை மற்றொன்று. முன்னதை எதிர்க்கச் சட்டமும் சங்கமும் துணைவரும். பின்னதை அவரவரே எதிர்த்தாக வேண்டும். நம் கல்விக் கழகம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், இவ்விரு பகைகளையும் ஒருசேர எதிர்த்து வென்ற பெரியார் ஒருவரின் வாழ்வை நம் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம். அப்பெருமகனார் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் ஆவார்.

1860ஆம் ஆண்டையொட்டி, செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இரட்டைமலை என்பது அவர்தம் தந்தையாரின் பெயர். வறுமையும் சாதிக் கொடுமையும் அக்குடும்பத்தை ஊர்விட்டு ஊர் பெயரச் செய்தன. அதன் பயனாக அவர் கல்வி பயின்றது கோயமுத்தூரில். சேலத்தில் ரயிலேறினால் மூன்று மணி நேரத்திற்குள் சென்றடையும் ஊர் அது. ஆகவே இவ்வரலாற்றின் தொடக்கம் நம் கொங்கு மண்ணிலேயே நிகழ்ந்தது எனலாம்.

அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர் பயின்றனர். அவர்களுள் பத்துப்பேர் தவிர ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். தம் சாதியும், தாம் குடியிருக்கும் இடமும், தம் உறவினர் இன்னாரென்பதும் வெளிப்பட்டுவிட்டால் உடன் பயில்வோர் தம்மைத் தாழ்வாக நடத்துவரே என்ற அச்சம் இளைஞர் சீனிவாசனை ஆட்கொண்டது. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணியடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் மாணவர் எவரும் தம்முடன் சேர்ந்து நடந்துவிடாதபடி வேக வேகமாக வீடு திரும்புவார். பிள்ளைகள் விளையாடும்போது தாம் மட்டும் விலகி நிற்க நேர்ந்ததை எண்ணி எண்ணி மனம் வருந்துவார். இச்செய்திகளை 1939ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே எழுதி வைத்துள்ளார். பட்டமும் பதவியும் பெற்று, எண்பது வயதை நெருங்கிய நிலையில், தம் பிள்ளைப் பருவத்து அச்சத்தை மறைக்காமல் எழுதிய அந்நேர்மை போற்றத்தக்கது.

ஈண்டு நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அவர்தம் அச்சம் வீண் கற்பனையன்று. வெளியுலகம் அவ்வாறுதான் இருந்தது. தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் மொள்ளவும் தடை விதித்த ஊரார் குரலே நாளடைவில் பிள்ளையின் நெஞ்சினுள் புகுந்து, அவனுடைய சொந்தக் குரல் போலப் பேசத் தொடங்குகிறது. அக்குரல் நம்முடையதென்று நம்பிவிட்டால் வாழ்நாள் முழுதும் அதற்கு அடிமையாவோம். அது பிறர் இட்டுச் சென்றது என்று உணர்ந்தால், அதனை எதிர்த்துப் பேசும் துணிவு பிறக்கும்.

படிப்பை முடித்த சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1890ஆம் ஆண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஊர் ஊராகச் சென்று நம் மக்களின் நிலைமையை ஆராய்ந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஆண்டும் அதுவே. 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'.

எந்தப் பெயர் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி மாலைதோறும் விரைந்து நடந்தாரோ, அந்தப் பெயரையே பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சென்னை நகரத்தில் விற்பனைக்கு வைத்தார். இழிவென்று பிறர் சொன்ன பெயரை மறைத்துக்கொண்டே இருப்பவன் உரிமை கேட்க இயலாது. நான்தான் என்று முன்வந்து நிற்பவனே கேட்க இயலும் என்பது அவர் கண்ட தெளிவு. நான்கு பக்கம், இரண்டணா விலை என்ற அளவில் தொடங்கிய அவ்விதழின் நானூறு படிகள் சென்னையில் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. விரைவில் அது வார இதழாகி, சொந்த அச்சுக்கூடமும் பெற்றது. வாங்கியவர்கள் ஏழை எளிய மக்கள். தம் பெயரைத் தாங்களே உரக்கச் சொல்லக் கேட்க அவர்கள் எத்துணைக் காலம் காத்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசு மகாசபை கோரிற்று. அவ்வாறு நடத்தினால் உயர் சாதியாரே அதிகாரம் முழுவதையும் கைப்பற்றி, நம் மக்களை மேலும் நசுக்குவர் என்று சீனிவாசனார் கருதினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனுவொன்றை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். அக்கருத்தை இன்று ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆயினும் எழுத்தறிவு அரிதாயிருந்த அக்காலத்தில் மூவாயிரம் பேரை அச்சம் நீக்கிப் பெயர் பதிக்கச் செய்தது அரிய செயலேயாகும். 1895இல் வைசிராய் எல்ஜின் பிரபு சென்னை வந்தபோது தூதுக்குழுவொன்றை நடத்திச் சென்று வரவேற்பு அளித்தார். மறு ஆண்டு, இதழில் வெளியான ஒரு கடிதத்திற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தொகையைக் கட்டியவர்கள் மக்களே. தனியொருவனாய் நடந்த மாணவனுக்குப் பின்னால் இப்பொழுது ஒரு சமூகமே நின்றது.

1900ஆம் ஆண்டு இங்கிலாந்து செல்லக் கருதிக் கப்பலேறியவர் இடையில் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. இதழும் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கே காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவரும் அவரே. இருபதாண்டுகளுக்குப்பின், 1921இல் தாயகம் திரும்பினார். அறுபது வயதைக் கடந்தவர் இனி ஓய்வு கொள்ளலாம் என்று எண்ணவில்லை. 1923இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்றார். மறு ஆண்டே, பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோர் உள்ளிட்ட எவரும் தடையின்றிச் செல்லலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். தெருவில் ஒதுங்கி நடந்த கால்களுக்காக அவர் பெற்றுத் தந்த உரிமை அது.

1930, 1931 ஆம் ஆண்டுகளில் லண்டன் வட்டமேசை மாநாடுகளில், தம்மைவிட முப்பது வயது இளையவரான அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். தீண்டாமை என்றால் என்னவென்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வினவியபோது, அதன் கொடுமையை நேர்நின்று விளக்கினார். உடன் பயின்ற பிள்ளைகளிடம் தம்மை இன்னாரென்று சொல்ல நாவெழாதவர், ஒரு பேரரசரிடம் அதனைத் தயக்கமின்றிச் சொன்னார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். மதமாற்றம் பற்றிப் பின்னர் அண்ணலின் கருத்திலிருந்து வேறுபட்டபோதும் தம் கருத்தை மறைத்தாரில்லை. 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? அச்சம் முற்றும் நீங்கட்டும், பிறகு செயற்படலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அஞ்சிய நாளிலும் பள்ளியை விடவில்லை. ஒதுங்கியிருந்த நேரத்தையும் படிப்பில் செலவிட்டார். காலம் வந்தபோது சபை கண்டார், இதழ் கண்டார், சட்டமன்றம் கண்டார். உள்ளத்துக் குரலை அடக்க உள்ளத்துணிவு மட்டும் போதாது. உடன் நிற்கும் மக்களும் வேண்டும் என்பதே அவர் வாழ்வு காட்டும் உண்மை.

ஆசிரியப் பணியில் நாம் ஆண்டுதோறும் கண்டுவரும் காட்சி ஒன்றுண்டு. கல்வி உதவித்தொகைக்கான பெயர்களை வகுப்பில் உரக்க வாசிக்கும்போது, நம் பிள்ளைகள் சிலர் தலை கவிழ்ந்துகொள்கின்றனர். விடுதியில் தங்கிப் படிப்பதைச் சொல்லத் தயங்குகின்றனர். ஐயம் கேட்கக் கையுயர்த்திப் பாதியில் இறக்கிவிடுகின்றனர். ஜவ்வரிசி ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் தறிக்கூடத்திலும் உழைக்கும் பெற்றோர், இராசிபுரத்திலும் ஓமலூரிலும் பரமத்தியிலும் இருந்து அனுப்பிவைக்கும் அறிவுள்ள பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் கோழைகள் என்று கடிந்துரைப்பது தகாது. அவர்கள் கேட்கும் குரலை நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் கோவையில் ஒரு மாணவரும் கேட்டார். ஆசிரியர்கள் அப்பெயர்களை வகுப்பில் வாசியாது தனியே அழைத்துச் சொல்லலாம். நம் கழகத்தின் மாலை வகுப்புகளில் மூத்த மாணவர் இளையோர் அருகே அமர்ந்து கற்பிக்கலாம். பெற்றோர் மாதமொரு முறை பள்ளிக்கு வந்து முன்வரிசையில் அமரலாம். இவை சிறு செயல்களே. ஆயினும் தனித்து விரைந்து செல்லும் பிள்ளைக்கு உடன் நடக்கும் துணை இவற்றால் கிட்டும்.

சீனிவாசனார் மறைத்த பெயரைப் பின்னர் அவரே முழங்கினார். அவர் திறந்துவைத்த பொதுத் தெருவில் நம் பிள்ளைகள் இன்று பள்ளிக்கு நடக்கின்றனர். அவர்கள் தலைநிமிர்ந்து நடக்கத் துணை நிற்பதே இவ்வெள்ளிவிழா ஆண்டில் நாம் ஏற்கத்தக்க கடமையாகும். அக்கடமையை ஆற்ற உறுதி கொள்வோமாக.