சாந்தி சுவரூப் பட்நாகர்

சர் சாந்தி சுவரூப் பட்நாகர் (பெப்ரவரி 21, 1894 – சனவரி 1, 1955) ஒரு புகழ் பெற்ற இந்திய வேதியியலாளர் ஆவார். அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின் முதல் இயக்குநர். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உட்படப் பல தேசிய ஆய்வுக்கூடங்கள் இவருடைய காலத்தில் உருவாயின. கரும்புச் சக்கை, சர்க்கரைப் பாகுக் கழிவு, மரப்பிசின் போன்ற எளிய தாவரப் பொருள்களைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமைக் காலம்

பட்நாகர் தற்போது பாகிசுத்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பொறியாளரான தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் வளர்ந்ததால் கருவிகளின் மீது ஈடுபாடு உண்டாயிற்று. 1911இல், மாணவராக இருந்தபோதே, மின்கலத்தில் பயன்படும் கரிம மின்வாய்க்கு மாற்றாகச் சர்க்கரைப் பாகுக் கழிவையும் கரிப்பொருளையும் அழுத்தத்தில் சூடாக்கிச் செய்யும் முறையை விளக்கி அலகாபாத்தின் லீடர் இதழில் கடிதம் வெளியிட்டார். பிற்காலத்தில் இவர் தலைமையிலான மன்றம் மின்கலங்களை ஆராயவும் ஒரு நிறுவனத்தை அமைத்தது என்பதை நோக்க, இது சுவையான தொடக்கமாகும். கல்லூரியில் உருது நாடகமும் எழுதிப் பரிசு பெற்றார்.

இலாகூரில் முதுநிலைப் பட்டம் பெற்றபின் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டோனன் என்பாரிடம் பயின்று 1921இல் முனைவரானார். பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பேராசிரியராக இருந்தார். அப்பல்கலைக்கழகத்தின் இந்திப் பண்ணை இயற்றியவரும் இவரே. 1924இல் இலாகூருக்குத் திரும்பினார்.

தாவரப் பொருள்களும் தொழிலக ஆய்வும்

இவர் முதலில் ஏற்ற தொழிற்சிக்கல் கரும்புச் சக்கையைக் கால்நடைத் தீவனக் கட்டியாக மாற்றுவது. பஞ்சாபின் கொடைவள்ளலும் பொறியாளருமான சர் கங்கா ராமுக்காக இதனைச் செய்தார். சக்கையில் செல்லுலோசு மிகுந்திருப்பினும் அதனைச் சுற்றிப் பிணைந்துள்ள லிக்னின் மாட்டின் வயிற்றில் எளிதில் செரிப்பதில்லை. ஆதலால் ஆலைகளில் அது பெரும்பாலும் அடுப்பெரிக்கவே பயன்பட்டது.

அட்டாக் எண்ணெய் நிறுவனத்தின் சிக்கலே இவருக்குப் பெரும் பெயரைத் தந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டப் பயன்படுத்திய சேறு, நிலத்தடி உப்புப் படிவங்களைத் தொட்டதும் இறுகித் துளையிடும் வேலையை நிறுத்திவிட்டது. பட்நாகர் இதனைக் கூழ்ம வேதியியல் சிக்கலாகக் கண்டார். உள்நாட்டுப் பிசின் ஒன்றைச் சேறில் கலந்தார். அது சேறின் பாகுத்தன்மையைக் குறைத்ததுடன், உப்பினால் திரியாமலும் காத்தது. மகிழ்ந்த நிறுவனத்தார் ஆய்வுக்கென 1,50,000 ரூபாய் வழங்கினர். பட்நாகர் அத்தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பல்கலைக்கழகத்தின் வழியே பெற்று, பெட்ரோலிய ஆய்வுத் துறையை அமைக்கச் செய்தார்.

காந்த வேதியியலில் மாத்தூருடன் சேர்ந்து 1928இல் குறுக்கீட்டுத் தராசு ஒன்றை உருவாக்கினார். அரச கழகத்தின் உறுப்பினராக 1943இல் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆய்வு மன்றமும் காரைக்குடியும்

1940இல் அரசின் தொழிலக ஆய்வுப் பணிக்குப் பொறுப்பேற்றார். உலகப்போரால் இறக்குமதி தடைப்பட்ட காலம் அது. கழிவுப் பொருள்களிலிருந்து நெகிழி, தாவர எண்ணெய் கலந்த எரிபொருள், உயவுப் பொருள் முதலியன ஆராயப்பட்டன. ஆய்வு மன்றம் 1942இல் அமைந்தது.

விடுதலைக்குப் பின் ஆய்வுக்கூடங்களுக்கு இடமும் பணமும் தேவைப்பட்டன. கோட்டையூரைச் சேர்ந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957) 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளிக்க முன்வந்தார். பெருநகரங்களை விட்டு, அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த செட்டிநாட்டின் வறண்ட நிலத்திற்கு ஒரு தேசிய ஆய்வுக்கூடம் வந்தது இக்கொடையினாலேயே. 1948 சூலை 25இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14, பொங்கல் நாளில், குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார். உள்ளூர் மக்கள் இதனைச் சிக்ரி என்றே அழைக்கின்றனர்.

பட்நாகரின் கொள்கைக்கு எதிர்ப்பும் இருந்தது. ஆய்வுப் பணத்தைத் தனி ஆய்வுக்கூடங்களில் குவித்தால் பல்கலைக்கழகங்கள் நலிவுறும் என இயற்பியலாளர் மேகநாத சாகா கடுமையாக வாதிட்டார். இக்குறை முற்றிலும் பொருளற்றதன்று.

இறுதிக் காலம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் முதல் தலைவராகவும் பணியாற்றினார். 1954இல் பத்ம பூசண் விருது பெற்றார். மனைவி இலாசுவந்தி 1946இலேயே மறைந்திருந்தார். 1955 புத்தாண்டு நாளன்று மாரடைப்பால் புது தில்லியில் காலமானார். இவர் பெயரிலான அறிவியல் பரிசு 1958 முதல் வழங்கப்பட்டது.