இருளில் தெளிந்த எண்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707 ஏப்ரல் 15 அன்று சமயப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் லியோன்ஹார்டு ஆய்லர். தந்தை மகனைத் திருச்சபைப் பணிக்கென எண்ணியிருந்தார். மகனின் நெஞ்சமோ கணிதத்தில் தோய்ந்திருந்தது. அவ்வாற்றலை உணர்ந்த பெருங்கணிதர் யோகான் பெர்னூலி தந்தையை இசையச் செய்தார். 1727இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகம் இளைஞர் ஆய்லரை ஏற்றுக்கொண்டது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாதது பகா எண். 429,49,67,297 அத்தகையது என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பியிருந்தார். 1732இல், 25 வயதில், அதனை 641ஆல் வகுத்துக் காட்டி அந்நம்பிக்கையைத் தகர்த்தார் ஆய்லர்.

1738 அளவில் அவரது வலக்கண் பார்வை போயிற்று. பெர்லினில் 25 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1766இல் ரஷ்யா திரும்பியபின் இடக்கண்ணையும் புரை மூடிற்று. 1771இல் தீ அவர் இல்லத்தை விழுங்கியது. அதே ஆண்டில் நடந்த அறுவை மருத்துவம் சில நாள் ஒளி தந்து, பின் முழு இருளில் விட்டது.

ஆயினும் நினைவு ஒளி குன்றவில்லை. இளமையில் பயின்ற வர்ஜிலின் ஈனீட் காவியத்தை முதலிலிருந்து முடிவு வரை சொல்ல வல்லவர் அவர். தாம் கற்ற படியின் ஒவ்வொரு பக்கமும் எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் முடிகிறது என்பதும் அவருக்குத் தெரியும். காவியம் தங்கிய அந்நெஞ்சில் எண்களும் தங்கின. அவர் சொல்லச் சொல்ல மக்களும் மாணாக்கரும் எழுதினர்.

1772இல் தம் ஆசிரியரின் பேரனுக்கு வரைந்த மடலில் ஓர் எண்ணைக் குறிப்பிட்டார். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது: இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. அது பகா எண் என 1644இலேயே மெர்சென் என்னும் துறவி கூறியிருந்தார். ஆனால் அவர் பட்டியலில் பிழைகளும் இருந்தன. ஆதலின் நிறுவுதல் வேண்டியிருந்தது. பெரிய காரணி உண்டெனில் அதற்கு இணையான சிறிய காரணியும் உண்டு. எனவே 46,341க்கு உட்பட்ட பகா எண்களைச் சோதித்தாற் போதும். அவற்றுள்ளும் 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தருவனவே வகுக்கக்கூடும் என ஆய்லர் கண்டார். அவற்றுள் ஒன்றும் வகுக்கவில்லை. இளமையில் அவர் உடைத்த எண், முதுமையில் உடையாதென நிறுவிய இவ்வெண்ணின் இரு மடங்கினும் மூன்றே மிகுதி.

ஆறு, தன் வகுத்திகளாகிய ஒன்று, இரண்டு, மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமம், அத்தகையது நிறைவெண். யூக்ளிடின் வழியில் ஆய்லரின் பகா எண்ணிலிருந்து 19 இலக்க நிறைவெண் ஒன்று பிறந்தது: 2305843008139952128. இதனினும் பெரிய நிறைவெண்ணை எவரும் காணப்போவதில்லை என்று 1811இல் ஆங்கிலக் கணிதர் பார்லோ எழுதினார். 1876இல் லூக்காஸ் 39 இலக்கப் பகா எண்ணை நிறுவ, அக்கூற்று பொய்த்தது. பயனற்ற விந்தையென அன்று கருதப்பட்ட ஆய்லரின் எண், பின்னர் கணிப்பொறிக்குள் புகுந்தது. 32 இருமஇலக்கங்களில் குறியுடன் எழுதத்தக்க முழு எண்களின் உச்ச வரம்பு அதுவே.

1783 செப்டம்பர் 18 அன்றும், புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த யுரேனசின் பாதையைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்த ஆய்லர், மாலையில் நினைவிழந்து, அன்றிரவே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற எழுத்துகளை அச்சிடப் பீட்டர்ஸ்பர்க் கழகத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.