ஹெர்ன் என்னும் ஆங்கில உபாத்தியாயர்

அந்நிய தேசத்திற்குச் சென்று தம் பாஷையைக் கற்பிப்போர் இரு வகைப்படுவர். தாம் கற்பிக்க வந்த ஜனங்களை இருளில் கிடப்போராகவும், தம்மை விளக்கேந்தி வந்தவராகவும் கருதுவோர் ஒரு வகையினர். கற்பிக்குமுன் தாம் கற்க வேண்டியது மிகுதி என்று உணர்ந்தோர் மற்றொரு வகையினர். முதல் வகையினரை நாம் நன்கறிவோம். 1835-ஆம் ஆண்டில் மெக்காலே என்பார் நமது நூற்செல்வம் அனைத்தையும் துச்சமாக மதித்துக் குறிப்பெழுதிய நாள் முதலாக, ஆங்கிலக் கல்வியோடு நம்மைப் பற்றிய இகழ்ச்சியும் சேர்ந்தே நமக்குப் புகட்டப்பட்டது. இரண்டாம் வகையினர் மிக அரியர். அவ்வரியவருள் ஒருவரான லாப்காடியோ ஹெர்னின் சரித்திரத்தை நேயர்களுக்கு இங்குச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

ஹெர்ன் 1850-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் தேதி கிரேக்கத் தீவாகிய லெப்காடாவில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் பட்டாளத்தில் வைத்தியராக இருந்த ஐரிஷ்காரர். தாயார் கிரேக்க மாது. குழந்தைப் பருவத்திலேயே டப்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், விரைவில் தாயைப் பிரிந்தார். தந்தையின் ஆதரவையும் இழந்தார். பள்ளியில் பயிலுங்கால் ஒரு விபத்தில் இடக்கண்ணின் பார்வை போயிற்று. வளர்த்த, தந்தையாரின் அத்தையம்மையாரின் செல்வம் அழிந்தபின், பத்தொன்பதாம் வயதில் கையில் பொருளின்றி அமெரிக்கா சேர்ந்து, சின்சினாட்டி நகரில் பட்டினி கிடந்து பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். 1874-ல் அவர் நீக்ரோ இனத்துப் பெண்ணொருத்தியை மணந்தார். அத்தகைய மணத்தை அந்த ராஜ்யத்தின் அந்நாளைய சட்டம் தடுத்திருந்தது. அதன் பயனாகத் தம் வேலையை இழந்தார். நிறத்தின் பேரால் மனிதரை இகழ்வது எத்தகையது என்பதை அவர் நூல்களில் படித்தறியவில்லை. தம் வாழ்விலேயே கண்டார்.

1890 ஏப்ரலில் ஒரு பத்திரிகைக்கு எழுதும் பொருட்டு அவர் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கினார். ஊதிய விஷயத்தில் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதி, வந்த சிறிது காலத்திற்குள் அத்தொடர்பை அறுத்துக்கொண்டார். அந்நிலையில், டோக்கியோ சர்வகலாசாலையில் இருந்த பாஸில் ஹால் சேம்பர்லேன் முதலியோரின் உதவியால், ஷிமானே மாகாணத்தின் தலைநகராகிய மட்சுயேயில் நடுத்தரப் பாடசாலைக்கும், உபாத்தியாயர் பயிற்சிக் கலாசாலைக்கும் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு; சம்பளம் மாதம் 100 யென். ரிக்‌ஷாவில் மலைகளைக் கடந்து ஆகஸ்ட் மாதம் 30-ஆம் தேதி அவர் அவ்வூரை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. ஜப்பானிய பாஷையோ தெரியாது.

ஆற்றங்கரை விடுதியொன்றில் அவர் தங்கினார். வைகறையில் அரிசி குத்தும் உலக்கையின் ஓசையும், கோயில் மணியின் ஓசையும், மரப்பாலத்தின்மீது செல்வோரின் மரப் பாதரட்சைகள் எழுப்பும் ஓசையும் அவரைத் துயிலுணர்த்தின. ஜனங்கள் ஆற்றில் முகங்கழுவி, உதயசூரியனை நோக்கிக் கை தட்டி வணங்குவதை அவர் சாளரத்தின் வழியே கண்டார். பாதிரிமார் பலர் மூடவழக்கமென்று தள்ளியிருக்கக்கூடிய காட்சி அது. அவரோ அதைப் பக்தியென்று கண்டு தம் குறிப்பேட்டில் எழுதினார்.

செப்டம்பர் 2-ஆம் தேதி அவரது பள்ளி வேலை தொடங்கியது. துணைத் தலைமை ஆசிரியரான நிஷிதா செந்தாரோ என்பார் ஆங்கிலம் நன்கறிந்தவர். ஹெர்னைவிட வயதில் இளையவர். வகுப்புகளின் முறையையும், மாணாக்கரின் இயல்பையும், அவ்வூர்ப் பெரியோரிடம் பழகும் மரியாதைகளையும் அவரே ஹெர்னுக்குக் கற்பித்தார். ஆகவே வந்த முதல் வாரத்தில் அவ்வாங்கில உபாத்தியாயரே மாணாக்கராக இருந்தார் என்பது மிகையன்று. அதே மாதத்தில், நிஷிதாவின் அறிமுகக் கடிதத்துடன், பழம்பெரும் இசுமோ ஆலயத்திற்குச் சென்று, வேறு ஐரோப்பியர் எவரும் அதுவரை அனுமதிக்கப்படாத உள்ளிடம் வரையில் வரவேற்கப்பட்டார். சிறிது நோயுற்றிருந்தபோது, தனிமையில் வருந்துவாரோ என்று எண்ணி, மாகாணக் கவர்னரின் குமாரத்தி இனிமையாகப் பாடும் பறவையொன்றை அவருக்கு அனுப்பினாள்.

மாணாக்கர்கள் அவருடைய வீட்டிற்கு வந்து உரையாடுவது வழக்கமாயிற்று. ஒரு நாள் ஓர் இளைஞன், முன்பு தங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அந்நியர் தங்களைக் காட்டுமிராண்டிகளுக்கு ஒப்பிட்டதாகவும், தங்கள் சக்ரவர்த்தியைப் போற்றுவதை அதற்குக் காரணமாகக் காட்டியதாகவும் தெரிவித்தான். அவ்வாறு சொன்னவரே பண்பற்றவர் என்று ஹெர்ன் விடையளித்து, தம் தேசத்தை நேசித்து அதன் சட்டங்களைப் பேணுவது அவர்களது கடமை என்று அறிவுறுத்தினார். தன் தாய்நாட்டை இகழாத அந்நியர் ஒருவரின் வாயிலாக ஆங்கிலம் கற்ற அவ்விளைஞனின் உள்ளம் எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவையனைத்தும் ஹெர்ன் ஒருவரின் குணத்தால் மட்டும் விளைந்தன அல்ல. அந்நிய ஆசிரியரை அழைத்தது ஜப்பானியர். ஒப்பந்தம் எழுதியது ஜப்பானியர். சம்பளம் கொடுத்தது ஜப்பானியர். வேண்டாதபோது விடை கொடுத்தனுப்பும் உரிமையும் அவர்களுடையதே. 1868-க்குப் பின் வெளிநாட்டு நிபுணர் பலரை அமர்த்திய அத்தேசம், தன் மக்கள் தேர்ச்சி பெறப் பெற அவ்விடங்களை அவர்களைக் கொண்டே நிரப்பி வந்தது. அங்கே ஆங்கிலம் கூலிக்கு அழைக்கப்பட்ட வேலையாளாக வந்தது. இங்கே எஜமானனாக வந்தது. பாஷை ஒன்றே, அது வந்த வழியே வேறு.

எனினும் இச்சரித்திரத்தின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. சக்ரவர்த்தி பக்தியைக் கல்விக்கு ஆதாரமாக்கிய பிரகடனம் அதே 1890 அக்டோபரில் வெளியாயிற்று. ஹெர்ன் கண்டு வியந்த அப்பக்தி, பின்னாளில் படைத்தலைவரின் கையில் ஆயுதமாயிற்று. 1910-ல் கொரியாவைக் கவர்ந்த ஜப்பான், அங்குள்ள பள்ளிகளில் தன் பாஷையைத் திணித்தது. 1948-ல் ஜப்பானியப் பாராளுமன்றமே அப்பிரகடனத்தை நீக்க நேர்ந்தது. தேசத்தைப் போற்றுவது வேறு, ஆள்வோரைக் கேள்வியின்றித் தொழுவது வேறு என்னும் எல்லையை அன்பு மிகுதியால் ஹெர்ன் தெளிவாகக் காணவில்லை. நாம் அதைக் கண்டு விலகுதல் வேண்டும்.

மட்சுயேயில் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய பதினைந்து மாதங்களே. அக்காலத்தில், வறுமையுற்ற சாமுராய்க் குடும்பத்தைச் சேர்ந்த கொய்சுமி செத்ஸு என்னும் நங்கை அவருக்கு வாழ்க்கைத் துணையானாள். 1891 நவம்பரில் அவர் குமமோட்டோவுக்கு மாறியபோது, நடுத்தரப் பாடசாலையினர் பூச்சாடிகளையும், பயிற்சிக் கலாசாலையினர் வாளொன்றையும் பரிசளித்து, கப்பல் துறை வரையில் உடன் சென்று வழியனுப்பினர். 1896-ல் ஜப்பானியப் பிரஜையாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயர் பூண்டு, டோக்கியோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 1903-ல் சர்வகலாசாலை அவரை விலக்கியது. மாணாக்கர் கிளர்ச்சி செய்தும் பயனில்லை. அவ்விடத்திற்கு வந்தவர், சர்க்காரால் லண்டனுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியிருந்த நத்ஸுமே ஸோஸெகி. ஹெர்னுக்கு அது துயரமே. ஆயினும் அந்நியரிடம் கற்று, பின் தன் மக்களைக் கொண்டே கற்பிப்பது என்ற அத்தேசத்தின் நோக்கம் அதில் புலனாகிறது. 1904 செப்டம்பர் 26-ஆம் தேதி ஹெர்ன் டோக்கியோவில் உயிர் நீத்தார்.

ஆங்கிலத்தை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. அதன்முன் கைகட்டி நிற்கவும் வேண்டுவதில்லை. எந்தப் பாஷையைக் கற்றாலும், கற்றபின் நம் சிறுவன் தன் தாயின் பேச்சைக் கேட்டு நாணுவானாயின் அக்கல்வி நமக்குக் கேடு. அவன் நிமிர்ந்து நிற்பானாயின் அதுவே நமக்கு வேண்டிய கல்வி. நம் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்போர் அந்நியராயினும் நம்மவராயினும், அவர்களை இவ்வொரு அளவுகோலால் அளந்து பார்ப்பது தேச ஊழியர்களின் கடமையாகும்.