கணித மேதையின் கட்டிலருகே

1919-ஆம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி. பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றது. ஐந்தாண்டுகளுக்கு முன் நல்ல பருத்த உடலோடு சீமைக்குப் போன ஒருவர், மெலிந்து வெளிறி அதிலிருந்து இறங்கினார். அழைத்துப் போகத் தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். அவர் கண்களோ இன்னொருவரைத் தேடின. ஜானகி எங்கே என்று கேட்டார். மனைவி வந்திருக்கவில்லை.

அவர்தான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன்.

ஈரோட்டில் 1887-ல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1909-ல் திருமணம். 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. அங்கிருந்தபடி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் 1914-ல் அவரைக் கப்பலேற்றியது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை.

அதிகம் பேசப்படாதது அவருடைய நோய்.

1917-ல் அவர் படுத்தார். என்ன நோய் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மருத்துவர் வயிற்றுப் புண் என்றார். இன்னொருவர் ரத்தத்தில் நஞ்சு என்றார். கடைசியில் காசநோய் என்று முடிவு கட்டினார்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, இரவில் ஏறும். பகலில் வந்து பேசிவிட்டுப் போகிறவர் கண்ணுக்கு அது தெரிய வழியில்லை. தெரிந்ததெல்லாம் சிடுசிடுப்பும், சாப்பாட்டில் அவர் காட்டிய பிடிவாதமும்தான். சொன்னபடி கேட்காத நோயாளி என்ற பெயர்தான் மிஞ்சியது.

மேட்லாக் என்ற ஊரின் சானடோரியத்தில் குளிரில் கிடந்தார். சைவ உணவுக்காரரான அவருக்கு அங்கே கிடைத்தது வாய்க்குப் பிடிக்கவில்லை. ராமலிங்கம் என்ற தமிழ்நாட்டு என்ஜினீயர் அப்போது இங்கிலாந்தில் வேலையாக இருந்தார். அவர் 1918-ல் தேடிப் போய்ச் சில நாட்கள் உடன் தங்கினார். புத்திமதி சொல்வதோடு நிற்கவில்லை. என்ன சாப்பிடுகிறார், ஏன் இளைக்கிறார், எப்போது காய்ச்சல் வருகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தார்; பார்த்ததை ஹார்டிக்கு விரிவாக எழுதினார். ஊர் விட்டு ஊர் வந்தவனின் பசி இன்னொரு ஊர்க்காரனுக்குத்தான் புரிகிறது.

ஹார்டியும் கைவிடவில்லை. 1729 என்ற டாக்சி எண்ணைப் பற்றிய புகழ்பெற்ற பேச்சு, அவர் நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் நடந்ததுதான். எண் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, கட்டில் நினைவில்லை.

கும்பகோணத்தில் ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. மாமியார் தடுத்துவிட்டார் என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். இரண்டு பெண்களுக்கும் அவர்மேல் இருந்த பாசம் உண்மை. அவர்களிடையே இருந்த பிணக்கும் உண்மை. நடுவில் தவித்தவர் நோயாளி.

ஊர் திரும்பிய பிறகு ஜானகி வந்து சேர்ந்தார். வயது இருபது. கொடுமுடி, கும்பகோணம், பின் சென்னை சேத்துப்பட்டு என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. வேளாவேளைக்குச் சாதம், எலுமிச்சம் சாறு, மோர் கொடுப்பார். வலி என்றால் வெந்நீர் வைத்து, நெஞ்சுக்கும் காலுக்கும் ஒத்தடம் கொடுப்பார். நோயாளி கோபிப்பார், மருந்தை மறுப்பார், அதையும் பொறுத்தார். வலி தணிந்த நேரமெல்லாம் ராமானுஜன் கணக்குப் போட்டார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இருந்த புதுக் கணிதத்தை அறிஞர்கள் இன்றும் ஆராய்கிறார்கள். அந்த ஏப்ரல் 26-ந் தேதி, 32 வயதில் அவர் காலமானார்.

1994-ல் பழைய குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர், அது காசநோயே அல்ல. இளமையில் வந்த சீதபேதியின் கிருமி ஈரலில் தங்கிச் செய்த வேலையாக இருக்கலாம் என்று கருதினார். அப்படியானால், அந்தக் காலத்திலேயே அதற்கு மருந்து இருந்தது. பெயர் தெரியாததால் மருந்தும் சேரவில்லை.

ஜானகி அம்மாள் பிறகு சில ஆண்டுகள் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றார். சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் தையல் தொழிலில் தன் காலில் நின்றார். 1994-ல் 95 வயதில் மறைந்தார்.

நம் வீட்டிலும், நாம் தங்கும் அறையிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உனக்கு என்னதான் செய்கிறது என்று எரிந்து விழத் தோன்றும். நோயின் பெயர் ஜானகிக்கும் தெரியாது. வலிக்கிறது என்று அவர் சொன்னதை நம்பினார். அடுப்பில் வெந்நீர் வைத்தார். அந்த வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமையிலும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.