வைகைக் கரை வழியே வீடு திரும்பிய வேலு நாச்சியார்

பிறந்த ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. மதுரைக்குக் கிழக்கே உள்ள சிவகங்கை, மானாமதுரை, இராமநாதபுரம் பகுதிகள் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் திருப்பூர், சென்னை, அதையும் தாண்டித் துபாய், சிங்கப்பூர் என்று போய்விடுகிறோம். நாலு காசு சேர்ந்ததும் திரும்பி வந்துவிடுவோம் என்று சொல்லித்தான் எல்லோரும் பேருந்து ஏறுகிறோம். அப்படித் திரும்பியவர்கள் எத்தனை பேர்? திரும்பியவர்களிலும், விட்டுப் போன ஊரை விட்டுப் போனபடியே கண்டவர்கள் எத்தனை பேர்? என் சிற்றப்பா பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய அன்று மாலை, எங்கள் கண்மாய்க் கரையில் வெகுநேரம் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேலு நாச்சியாரின் நினைவு வரும்.

சிவகங்கைச் சீமையின் அரசி வேலு நாச்சியாரைப் பற்றி நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே படித்து வருகிறோம். ஆங்கிலேயரை எதிர்த்து வாளேந்திய வீரப் பெண்மணி என்று மேடைதோறும் பேசுகிறோம். அவர் வென்ற கதை நமக்குத் தெரியும். வெற்றிக்கு முன் மாற்றார் ஊரில் அவர் கழித்த எட்டு ஆண்டுகளை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த எட்டு ஆண்டுகளையும், அவர் திரும்பி வந்த வழியையும், வந்த பின் நேர்ந்தவற்றையும் சற்று நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலு நாச்சியார் 1730-ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தை செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதி. தாய் சக்கந்தி முத்தாத்தாள் நாச்சியார். ஒரே மகளாகையால் பெற்றோர் அவரை ஆண்மகனைப் போலவே வளர்த்தனர். வாள் வீச்சு, வில், வளரி, சிலம்பம், குதிரையேற்றம் அனைத்தும் கற்றார். தமிழோடு உருது, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகளும் அறிந்தவர் என்பர். 1746-ஆம் ஆண்டு, தமது பதினாறாம் வயதில், சிவகங்கை இளவரசர் முத்துவடுகநாதருக்கு மாலையிட்டுச் சிவகங்கைக்கு வந்தார்.

சிவகங்கை அப்போது ஓர் இளம் அரசு. சேதுபதிகளின் மறவர் சீமையிலிருந்து பிரிந்து, சசிவர்ணத் தேவரின் ஆட்சியில் தனி அரசாகி அதிக காலம் ஆகவில்லை. அவருடைய மகனான முத்துவடுகநாதப் பெரிய உடையாத் தேவர் 1750-இல் அரியணை ஏறினார். தாண்டவராய பிள்ளை பிரதானியாக இருந்து நிர்வாகத்தைக் கவனித்தார். பெரிய மருது, சின்ன மருது என்னும் சகோதரர்கள் அரண்மனைப் பணியில் சேர்ந்து வளர்ந்தனர். அரசருக்கும் அரசிக்கும் வெள்ளச்சி என்ற பெண் குழந்தை பிறந்தது.

அந்நாளில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி கும்பினியாருக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். கடனை அடைக்கப் பணம் வேண்டும். பணத்திற்குப் பாளையங்களின் கப்பம் வேண்டும். மதுரை அவர் கையில் இருந்தது. 1764-இல் கான்சாகிபு தூக்கிலிடப்பட்ட பிறகு மதுரைக் கோட்டைக்குள் எதிர்க்க ஆளில்லை. ஆகவே நவாபின் பார்வை கிழக்கே திரும்பியது. 1772-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நவாபின் படையும் கும்பினிப் படையும் சேர்ந்து முதலில் இராமநாதபுரத்தைப் பிடித்தன. அடுத்துச் சிவகங்கைச் சீமைக்குள் நுழைந்தன. ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமும் பான்ஜோர் மறுபக்கமுமாகப் படை நடத்தினர். ஜூன் 25-ஆம் நாள் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். இளைய அரசி கௌரி நாச்சியாரும் அங்கேயே மாண்டார்.

வேலு நாச்சியார் அப்போது காளையார்கோவிலுக்கு அருகிலுள்ள கொல்லங்குடியில் இருந்தார். கணவரை இழந்த துயரை அழுது தீர்க்கக்கூட நேரமில்லை. கையில் சிறுமி வெள்ளச்சி. பின்னால் பகைவர் படை. உடன்கட்டை ஏறுவதும் உயர்ந்ததென்று எண்ணப்பட்ட காலம் அது. அவரோ உயிரோடிருந்து நாட்டை மீட்பதே கடமை என்று முடிவு செய்தார். தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் துணைவர, மேற்கே திண்டுக்கல் சீமையிலுள்ள விருப்பாட்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பாளையத்தின் தலைவர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார்.

விருப்பாட்சி இன்று பழனிச் சாலையில் ஒட்டன்சத்திரத்தை அடுத்திருக்கும் ஊர். சிவகங்கையிலிருந்து இன்றைய சாலை வழியே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரம். காலையில் பேருந்து ஏறினால் நண்பகலுக்குள் போய்விடலாம். அந்தத் தூரத்தைத் திரும்பிக் கடக்க அரசிக்கு எட்டு ஆண்டுகள் ஆயின! ஏன்? இரண்டு ஊர்களுக்கும் நடுவே மதுரை இருந்தது. இன்று நாம் நடமாடும் வெளி வீதிகளை ஒட்டி அன்று கோட்டை மதிலும் அகழியும் சூழ்ந்திருந்தன. உள்ளே நவாபின் ஆட்கள். மதுரைச் சமவெளியைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக வழியில்லை. தாண்டுவதற்கு ஒரு படை வேண்டும்.

படை வேண்டி மைசூர் ஐதர் அலிக்கு விண்ணப்பம் சென்றது. 1772-ஆம் ஆண்டு டிசம்பரில் தாண்டவராய பிள்ளை அரசியின் சார்பில் மடல் எழுதினார். ஐயாயிரம் குதிரைப் படையும் ஐயாயிரம் காலாட்படையும் கேட்டிருந்தார். ஆனால் ஐதர் அலிக்கே அது சோதனைக் காலம். மராட்டியருடன் நடந்த போரில் 1771-இல் பெருந்தோல்வி அடைந்து, இழந்த பகுதிகளை மீட்கும் முயற்சியில் இருந்தார். கேட்டவுடன் படை வரவில்லை. காத்திருக்க வேண்டியதாயிற்று. முதுமையிலும் அரசியைப் பிரியாது உடன் வந்த தாண்டவராய பிள்ளை, திரும்பும் நாளைக் காணாமலே அயலூரில் கண்மூடினார்.

காத்திருப்பது என்றால் என்ன என்பதை ஊரை விட்டு வாழ்பவர்களே அறிவார்கள். மழை பெய்தது என்று சொந்த ஊரிலிருந்து சேதி வரும். நனைய நாம் அங்கே இருக்கமாட்டோம். நல்லது கெட்டது நடக்கும். போய் நிற்க முடியாது. அரசிக்கும் சேதிகள் வந்திருக்கும். அவருடைய சிவகங்கைக்கு நவாபின் ஆட்கள் உசேன் நகர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். திரும்பிப் போவதற்கு ஊர் இருக்கிறது. ஆனால் அதன் பெயரே வேறு! இந்த நிலையில் மனம் சோர்ந்து போவது எளிது. அடைக்கலம் கொடுத்த இடத்திலேயே அமைதியாக இருந்து காலத்தைக் கழித்துவிடலாம் என்று எவருக்கும் தோன்றும்.

வேலு நாச்சியார் அப்படிச் சோர்ந்துவிடவில்லை. விருப்பாட்சியிலும் திண்டுக்கல் கோட்டையிலும் இருந்துகொண்டு பாளையக்காரர்களோடு உறவு வளர்த்தார். சீமையிலிருந்து தேடி வந்தவர்களைப் படையாகத் திரட்டினார். பெண்களுக்கும் ஆயுதப் பயிற்சி அளித்து ஒரு பெண்கள் படையை அமைத்தார் என்பது மக்கள் மறவாத செய்தி. திண்டுக்கல்லில் ஐதர் அலியை நேரில் சந்தித்து உருது மொழியிலேயே தம் நிலையை எடுத்துரைத்தார் என்றும், அதைக் கேட்டு அவர் வியந்து உதவ இசைந்தார் என்றும் கூறுவர். இளமையில் கற்ற மொழி இடுக்கணில் கைகொடுத்தது. கல்வி கற்கும் நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

காலம் 1780-இல் கனிந்தது. 1769-ஆம் ஆண்டு சென்னை உடன்படிக்கையில் ஆபத்தில் உதவுவதாக வாக்களித்த கும்பினியார், மராட்டியர் தாக்கியபோது கைவிட்டுவிட்டனர் என்ற சினம் ஐதர் அலிக்கு நெடுநாளாக இருந்தது. 1780 ஜூலையில் அவர் பெரும் படையோடு மலைக் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படை படுதோல்வி கண்டது. நவாபுக்கும் கும்பினிக்கும் வடக்கே தலைக்கு மேல் வேலை. அந்த ஆண்டில்தான் வேலு நாச்சியார் ஐதரின் உதவிப் படையோடும் மருது சகோதரர்களோடும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்.

அவர் வந்த வழியைக் கவனித்தால் வியப்பு மேலிடும். சோழவந்தான், சிலைமான், திருப்புவனம், மானாமதுரை என்று போர் நடந்த இடங்களைச் சொல்வார்கள். இந்த ஊர்கள் எல்லாம் வைகையை ஒட்டியவை. சோழவந்தான் மதுரைக்கு மேற்கே. மற்றவை மதுரைக்குக் கிழக்கே, ஆறு போகும் போக்கிலேயே அடுத்தடுத்து உள்ளவை. வைகை எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே அரசியும் வீடு திரும்பினார். இன்று நம் கல்லூரிக்கு அவ்வூர்களிலிருந்து நாள்தோறும் மாணவர்கள் வருகிறார்கள். எந்த மண்ணை மிதித்து வருகிறோம் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

சிவகங்கைக் கோட்டைக்குள் நுழைந்த கதையை மக்கள் இன்றும் உணர்ச்சியோடு சொல்கிறார்கள். விஜயதசமி நாளன்று பெண்கள் கூட்டம் கோவிலுக்குப் போவதுபோல் பூக்கூடைகளில் ஆயுதங்களை மறைத்துக்கொண்டு உள்ளே போயிற்றாம். குயிலி என்ற வீரப்பெண் தன் உடலில் எண்ணெயை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு பகைவரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாளாம். அதன் பிறகே கோட்டை விழுந்ததாம். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அரசி தம் அரண்மனைக்குள் அடி எடுத்து வைத்தார். ஐம்பது வயது. வாயிலில் வரவேற்கக் கணவர் இல்லை. உடன் போன பிரதானி இல்லை. வழி திறந்து கொடுத்த குயிலியும் இல்லை. சிறுமியாகப் போன வெள்ளச்சி வளர்ந்த பெண்ணாக வந்தாள். அவளுக்கு அது நினைவில் மங்கிப் போன ஊர். தாய்க்கு அது வீடு; மகளுக்கு அது ஏறக்குறைய ஒரு புது இடம்.

திரும்பி வந்த அரசி செய்ததாகச் சொல்லப்படும் ஒரு செயல் என் நெஞ்சைத் தொட்டது. அவர் தப்பிச் சென்றபோது உடையாள் என்ற இளம்பெண், அவர் போன வழியைக் காட்டிக் கொடுக்க மறுத்துப் பகைவரின் வாளுக்கு இரையானாள் என்பது கொல்லங்குடிப் பக்கத்து வழக்கு. மீண்டு வந்த வேலு நாச்சியார் அப்பெண்ணின் நினைவிடத்திற்குச் சென்று, தம் திருமாங்கல்யத்தைக் காணிக்கையாக்கி வணங்கினாராம். கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோவிலோடு மக்கள் இந்தக் கதையைச் சேர்த்துச் சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகள் அயலூரில் துன்புற்றவர் தாம் பட்ட பாட்டைப் பெரிதாக எண்ணவில்லை. தமக்காக ஊரிலேயே இருந்து உயிரை விட்டவளை எண்ணினார். போனவர் பட்ட துன்பம் ஒரு பங்கு என்றால், இருந்தவர் பட்ட துன்பம் இரு பங்கு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

திரும்பி வந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. பெரிய மருதுவுக்கும் சின்ன மருதுவுக்கும் தளவாய், பிரதானிப் பொறுப்புகளை அளித்து ஆட்சியை நடத்தினார். 1782 டிசம்பரில் ஐதர் அலி மறைந்தார். துணை நின்ற பெருவலிமை போயிற்று. மறு ஆண்டே கர்னல் புல்லர்ட்டன் படையோடு சிவகங்கைக்கு வந்து பணம் வசூலித்தார். 1790-ஐ ஒட்டி வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையாத் தேவர் அரியணை ஏறினார். வேலு நாச்சியார் 1796 டிசம்பர் 25-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருக்குத் தோள் கொடுத்தவர்களின் முடிவும் நம் கண்ணை நனைக்கும். அடைக்கலம் தந்த கோபால நாயக்கரும், உடன் வந்த மருது சகோதரர்களும் 1801-இல் கும்பினியாரால் தூக்கிலிடப்பட்டார்கள்.

நாடு விடுதலை பெற்ற பின்னும் அவர் பெயர் பரவலாகத் தெரிய நெடுநாள் ஆயிற்று. 2008 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. 2014-இல் தமிழக அரசு சிவகங்கையில் அவருக்கு நினைவு மண்டபம் திறந்தது. குயிலிக்கும் அங்கே நினைவுச் சின்னம் உண்டு. அரசியும் அவருக்கு வழி திறந்தவளும் ஒரே இடத்தில் போற்றப்படுவது பொருத்தமே.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்றதும் நம்மில் பலர் வேலை தேடி வெளியூர் போகத்தான் போகிறோம். போவதில் குற்றமில்லை. வேலு நாச்சியாரும் போனவர்தான். ஆனால் போன இடத்தில் அவர் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. திரும்பும் வழியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது, தமக்காக ஊரைக் காத்தவர்களை முதலில் வணங்கினார். என் சிற்றப்பா வெளிநாட்டில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் என் அப்பத்தாவைப் பார்த்துக்கொண்டது என் தாயார்தான். கண்மாய்க் கரையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்த சிற்றப்பா முதலில் என் தாயாரின் காலைத்தான் தொட்டுக் கும்பிட்டார். வேலு நாச்சியாரின் கதையை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவர் அல்லர்.